சோயா வேர்முடிச்சில் யார் யார் இருக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூக்கும் பருவத்தில் ஒரு சோயாச் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து வேரை அலசினால், மிளகு அளவில் உருண்டையான முடிச்சுகள் தெரியும். காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு ஆகும்படி மாற்றிக்கொடுக்கும் பாக்டீரியாக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் எல்லா ஊர் முடிச்சிலும் ஒரே பாக்டீரியா இருப்பதில்லை. அதைப் பற்றி மாணவர்களும் விவசாயிகளும் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறோம்.

சோயா வேரில் இருப்பது ரைசோபியம்தானே? அதில் என்ன பல வகை?

பள்ளிப் பாடத்தில் பயறு என்றாலே ரைசோபியம் என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். இன்றைக்கு அந்தப் பெயர், வேரில் முடிச்சு போடும் பாக்டீரியா எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் புழங்குகிறது. சோயாவில் பெரும்பாலும் இருப்பது பிராடிரைசோபியம் என்ற பேரினம். மெதுவாக வளரும் இந்தக் கூட்டத்தை ரைசோபியத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது 1982-இல்தான்.

பிராடிரைசோபியத்துக்குள்ளும் பல இனங்கள் சோயாவில் முடிச்சு போடுகின்றன. அவற்றில் முதலில் பெயர் பெற்றது ஜப்பானிகம். 1992-இல் அதிலிருந்து எல்கானி பிரிந்தது. 1995-இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து, மற்றவற்றைவிடவும் மெதுவாக வளரும் லியாவோனிங்கென்ஸ் வந்து சேர்ந்தது. 2002-இல் யுவான்மிங்கென்ஸ், 2013-இல் டயசோஎஃபிஷியன்ஸ். இவை போக, வேகமாக வளரும் சினோரைசோபியம் ஃபிரெடியை என்று முற்றிலும் வேறு பேரினத்தைச் சேர்ந்த ஒன்றும் உண்டு. இப்போது அதை என்சிஃபர் என்றும் எழுதுகிறார்கள். பட்டியல் இத்தோடு முடியவில்லை, ஆனால் இந்தப் பெயர்கள் தெரிந்தால் பாதிக் கட்டுரைகளைப் படித்துவிடலாம்.

வேகமாக வளர்வது, மெதுவாக வளர்வது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆய்வகத்தில் இது கண்ணாலேயே தெரியும். முடிச்சின் வெளித்தோலில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்ல ஆல்கஹாலிலும் அப்புறம் பிளீச்சிங் கரைசலிலும் முக்கியெடுத்து, சுத்தமான தண்ணீரில் பலமுறை கழுவி, ஒரு சொட்டு நீரில் நசுக்குவார்கள். அந்தக் கலங்கல் நீரை ஈஸ்ட் சாறும் மானிட்டால் சர்க்கரையும் கலந்த அகார் தட்டில் இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஃபிரெடியை மூன்று நாளில் கொழகொழவென்று திரண்டுவிடும். பிராடிரைசோபியத்துக்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவும் குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகத்தான் வரும்.

தட்டில் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சேர்த்திருந்தால் இன்னும் எளிது. வேகமாக வளர்பவை அமிலத்தைக் கக்கி, பச்சையாக இருந்த தட்டை மஞ்சளாக்கும். மெதுவாக வளர்பவை அதை நீலமாக்கும். இந்தச் சோதனை பழையது என்றாலும், மரபணு வரிசை பார்ப்பதற்கு முன்னால் இன்றும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

செடிதான் முதலில் கூப்பிடுகிறது. சோயா வேர் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற பொருள்களை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த பாக்டீரியா 'நாட் காரணி' என்ற சமிக்ஞை மூலக்கூறைத் தயாரித்துப் பதில் தருகிறது. அந்தப் பதில் செடிக்குப் பிடித்தால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு நுண்குழாய் வழியாக அது வேரின் செல்களை அடையும். அங்கே பெருகி, நைட்ரஜனேஸ் என்ற நொதியால் காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும்.

இது சுலபமான வேலையில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி (செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு) செலவாகிறது. அந்தச் சக்தி முழுவதும் இலையில் தயாரான சர்க்கரையிலிருந்து வருகிறது. அப்படிக் கிடைக்கும் அம்மோனியாவை அலன்டாயின் போன்ற யூரைடுகள் என்ற நைட்ரஜன் சேர்மங்களாக மாற்றித்தான் சோயா தண்டுக்கு அனுப்புகிறது. சோயா விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். ஒரு டன் விதைக்குச் சுமார் 80 கிலோ நைட்ரஜன் தேவைப்படுகிறது. அதனால்தான் மற்ற பயிரைவிட சோயாவில் இந்தப் பாக்டீரியா விஷயம் இவ்வளவு முக்கியமாகிறது.

முடிச்சு வேலை செய்கிறதா என்று வயலிலேயே தெரியுமா?

தெரியும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அளந்து கொடுப்பது அதுதான். உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசாக இருக்கலாம், அல்லது உதவாக்கரை பாக்டீரியா உட்கார்ந்திருக்கலாம். பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

எங்கே காய்த்திருக்கிறது என்பதும் ஒரு தடயம். விதையோடு கலந்து போட்ட பாக்டீரியா மண்ணில் அதிக தூரம் நகராது. அதனால் ஆணிவேரின் மேல்பகுதியில் கொத்தாக முடிச்சு இருந்தால், பெரும்பாலும் நீங்கள் போட்டதுதான் பிடித்திருக்கிறது. பக்கவேர்களில் அங்கங்கே சிதறியிருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே மண்ணில் இருந்தவை.

ஒரே முடிச்சுக்குள் பல வகை இருக்குமா?

சாதாரணமாக ஒரு முடிச்சில் ஒரு வகைதான் இருக்கும். எப்போதாவது இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு. ஆனால் ஒரே செடியின் வெவ்வேறு முடிச்சுகளில் வெவ்வேறு வகை இருப்பது சகஜம். நைட்ரஜனோடு சம்பந்தமில்லாத பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்றவையும் சில சமயம் முடிச்சுக்குள்ளேயே ஒண்டியிருக்கும்.

எந்த ஊரில் எந்த வகை என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வெப்பமும் மண்ணின் காரத்தன்மையும் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். வடக்கே குளிர்ந்த ஹொக்கைடோவில் ஜப்பானிகம் வகைகள் அதிகம். தெற்கே இறங்க இறங்க அது குறைந்து, வெப்பமான கியூஷு, ஒகினாவா பக்கம் எல்கானி மேலோங்குகிறது. நீளவாக்கில் கிடக்கும் ஒரே நாட்டுக்குள் இப்படி அழகாக வரிசைப்பட்டிருப்பதால், பாக்டீரியாவின் புவியியலைப் படிக்க ஜப்பான் மிகவும் தோதான இடமாகிவிட்டது. அமெரிக்காவிலும் வடக்கு தெற்கு வித்தியாசம் ஏறக்குறைய இதே போக்கில்தான் இருக்கிறது.

சீனாவில் கதை மண்ணைப் பொறுத்தது. சோயா பயிராகத் தொடங்கிய நாடு அது. காட்டுச் சோயா இன்னும் அங்கே வளர்கிறது. ஆகவே பாக்டீரியாவின் வகைகளும் அதிகம். ஷின்ஜியாங்கிலும், மஞ்சள் ஆற்றை ஒட்டிய வட சீனச் சமவெளியின் உவர், கார நிலங்களிலும் ஃபிரெடியை ஏராளமாகக் கிடைக்கிறது. அமிலம் அல்லது நடுநிலை மண்ணுக்குப் போனால் பிராடிரைசோபியம்தான் ஆட்சி.

ஃபிரெடியை வெளியுலகுக்குத் தெரியவந்ததும் சீன மண்ணிலிருந்துதான். சோயாவில் வேகமாக வளரும் பாக்டீரியாவும் உண்டு என்ற செய்தி 1982-இல் வெளியானபோது பலருக்கும் வியப்பு. அதைவிட வியப்பு, 'பீக்கிங்' என்ற பழைய கறுப்புச் சோயா ரகத்தில் நன்றாக நைட்ரஜன் பிடித்த அந்தப் பாக்டீரியா, அமெரிக்காவின் மேம்பட்ட ரகங்களில் பெரும்பாலும் உதவாமல் போனது.

ஒரு ரகத்தில் வேலை செய்வது இன்னொன்றில் ஏன் செய்வதில்லை?

செடிக்கும் ஒரு கதவு இருக்கிறது, அதில் காவலும் இருக்கிறது. சோயாவில் ஆர்ஜே 2, ஆர்ஜே 4 என்று பெயரிட்ட மரபணுக்கள் சில பாக்டீரியாக்களை உள்ளே விடாமல் தடுக்கின்றன. ஃபிரெடியையின் சில ஸ்ட்ரெயின்களைத் தடுக்கும் ஆர்எஃப்ஜி 1 என்ற மரபணு, ஆர்ஜே 2-இன் இன்னொரு வடிவம்தான் என்று 2010-இல் தெரியவந்தது. இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்த மரபணு தரும் புரதம் நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களின் வகையைச் சேர்ந்தது. நண்பனையும் எதிரியையும் செடி ஒரே கருவியால்தான் சோதிக்கிறது.

(ஸ்ட்ரெயின் என்பது ஓர் இனத்துக்குள் தனியாகப் பிரித்தெடுத்து எண் கொடுத்து வைத்திருக்கும் வம்சம். யுஎஸ்டிஏ 110, செமியா 5080 என்று வருவதெல்லாம் அவைதான்.)

பிரேசிலில் உரமே போடாமல் சோயா விளைகிறது என்கிறார்களே, உண்மையா?

நைட்ரஜன் உரத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய உண்மை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தாராளமாகப் போடுகிறார்கள். நைட்ரஜன் மட்டும் பாக்டீரியாவிடம் விட்டுவிட்டார்கள்.

பிரேசில் மண்ணில் சோயாவுக்கான பாக்டீரியா ஆதியில் இல்லை. வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். பயிர் விரிந்தபோது, யூரியாவை நம்பாமல் பாக்டீரியாவை நம்பலாம் என்று விடாப்பிடியாக நின்றவர்களில் முக்கியமானவர் மண் நுண்ணுயிரியலாளர் யோஹான்னா டொபரெய்னர். அவர் வழியில் வந்த மரியாஞ்சலா ஹுங்ரியா 2025-இன் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

அவர்களுடைய உத்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொண்டுவந்த ஸ்ட்ரெயின்கள் செராடோ என்ற சவானா மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, அந்த வெயிலுக்கும் அமில மண்ணுக்கும் பழகிக்கொண்டன. அப்படிப் பழகியவற்றை முடிச்சிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து, நன்றாகப் போட்டியிடுபவற்றையும் நன்றாக நைட்ரஜன் பிடிப்பவற்றையும் பொறுக்கினார்கள். செமியா 5079-உம் செமியா 5080-உம் அப்படி வந்தவை. முன்னது ஜப்பானிகம், பின்னது டயசோஎஃபிஷியன்ஸ். இவற்றோடு செமியா 587, செமியா 5019 என்ற இரண்டு எல்கானிகளும் அங்கே அங்கீகாரம் பெற்றவை. இவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே பாக்கெட்டில் தருவது அங்கே வழக்கம்.

ஒருமுறை போட்டால் போதாதா? பாக்டீரியா மண்ணிலேயே இருக்குமே?

இருக்கும், பல வருஷம் இருக்கும். ஆனாலும் பிரேசிலில் ஆண்டுதோறும் போடுகிறார்கள். ஏற்கெனவே பாக்டீரியா நிறைந்த மண்ணிலும் மறுபடி போட்டால் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடுவதாக அவர்களுடைய வயல் சோதனைகள் காட்டின. இது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஹவாயின் மாவி தீவில் நடந்த சோதனைகளில், மண்ணில் ஒரு கிராமுக்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியா இருந்த இடங்களில்தான் பெரும்பாலும் பலன் தெரிந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பலன் கிடைப்பது இன்னும் கஷ்டம். காரணம் அடுத்த பதிலில்.

மண்ணில் அதிகமாக இருப்பதுதானே நல்ல வகை?

இல்லை. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். முடிச்சுக்குள் நுழையும் போட்டியில் ஜெயிப்பது ஒரு திறமை, நுழைந்த பிறகு நைட்ரஜன் பிடிப்பது வேறு திறமை. இரண்டும் ஒரே பாக்டீரியாவிடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அயோவா, மினசோட்டா மண்ணில் யுஎஸ்டிஏ 123 என்ற சீரோகுழு (ரத்தச் சீரச் சோதனையில் ஒன்றுபோலத் தெரியும் ஸ்ட்ரெயின்களின் கூட்டம்) நன்றாக வேரூன்றிவிட்டது. அங்கே அதைவிடத் திறமையான ஸ்ட்ரெயினை விதையில் தடவிப் போட்டாலும், பெரும்பான்மை முடிச்சுகளை 123 கூட்டமே பிடித்துக்கொள்ளும். அயோவாவில் 1974-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தது: போடும் பாக்டீரியா பாதி முடிச்சையாவது பிடிக்க வேண்டுமானால், மண்ணில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு போட வேண்டுமாம். எந்த விவசாயியால் முடியும்?

நைட்ரஜன் பிடிப்பதில் சிறந்ததாகப் பெயரெடுத்த யுஎஸ்டிஏ 110 ஃபுளோரிடாவில் 1957-இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வகங்களில் அதற்கு இருக்கும் மரியாதை, 123 நிறைந்த வயலில் கிடைப்பதில்லை. சில எல்கானிகளிடம் இன்னொரு வம்பு உண்டு. அவை ரைசோபிடாக்ஸின் என்ற பொருளைச் சுரந்து, இளம் இலைகளை மஞ்சளாக்கிவிடும்.

சும்மா உட்கார்ந்து சாப்பிடும் பாக்டீரியாவைச் செடி எப்படிச் சகித்துக்கொள்கிறது?

சகித்துக்கொள்வதில்லை. கலிஃபோர்னியாவில் டோபி கீர்ஸும் ஃபோர்ட் டெனிசனும் சகாக்களும் சோயா வேரைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, ஒரு பக்கத்துக்குச் சாதாரணக் காற்றும், இன்னொரு பக்கத்துக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் நிரப்பிய காற்றும் கொடுத்தார்கள். ஆர்கான் பக்கத்துப் பாக்டீரியாவும் அதே வகைதான், பிடிப்பதற்கு நைட்ரஜன் இல்லை, அவ்வளவுதான். 2003-இல் வந்த முடிவு: வேலை செய்யாத முடிச்சில் பாக்டீரியா சுமார் பாதியளவுதான் பெருகியது என்று பல சோதனைகளில் தெரிந்தது. அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைச் செடி குறைத்துவிட்டதற்கும் அடையாளம் கிடைத்தது.

ஆக, நுழையும்போது ஏமாறும் செடி, பிறகு கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறது. ஆனால் முழுக்க வெளியேற்றுவதில்லை. அதனால்தான் சுமாரான வகைகளும் மண்ணில் காலங்காலமாகத் தொடர்கின்றன.

புதிதாகச் சோயா போன நாட்டில், அந்த ஊர்ப் பாக்டீரியாவும் முடிச்சு போடுகிறதே, எப்படி?

இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றோடு வாழ்ந்த பிராடிரைசோபியங்களில் சில சோயாவையும் ஏற்றுக்கொள்கின்றன. நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் இதையே திட்டமாக எடுத்துக்கொண்டது. பாக்கெட் கிடைக்காத ஆப்பிரிக்க விவசாயிக்காக, உள்ளூர்ப் பாக்டீரியாவோடு தாராளமாக முடிச்சு போடும் ரகங்களை 1970-களின் கடைசியிலிருந்து உருவாக்கியது. டிஜிஎக்ஸ் என்று தொடங்கும் ரகங்கள் அவை.

இரண்டாவது வழி இன்னும் விசித்திரம். பாக்டீரியா தன் மரபணுவைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். யுஎஸ்டிஏ 110-இன் முழு மரபணு வரிசையை ஜப்பானியர்கள் 2002-இல் வெளியிட்டார்கள்: 91 லட்சம் எழுத்துகள், 8317 மரபணுக்கள், எல்லாம் ஒரே வட்டக் குரோமோசோமில். அதில் முடிச்சு போடவும் நைட்ரஜன் பிடிக்கவும் தேவையானவை பெரும்பாலும் 6.8 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் குவிந்திருந்தன. 'கூட்டுவாழ்வுத் தீவு' என்று அதைச் சொல்கிறார்கள். ஃபிரெடியையிலோ இந்த மரபணுக்கள் குரோமோசோமுக்கு வெளியே, பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கின்றன. செராடோ மண்ணில், போட்ட ஜப்பானிகத்தின் கூட்டுவாழ்வு மரபணுக்கள் அங்கேயே இருந்த ஃபிரெடியைக்கும் எல்கானிக்கும் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் இனத்தை எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் என்ற மரபணுவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பிராடிரைசோபியங்களில் அது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முடிச்சு மரபணுக்களை நம்பினாலும் ஆபத்து, அவை கைமாறுபவை. ஆகவே, அடிப்படை வேலை பார்க்கும் பல மரபணுக்களை ஒருசேர ஒப்பிடுகிறார்கள். இப்போது முழு மரபணுத் தொகுதியையே ஒப்பிட்டு, 95–96 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே இனம் என்கிறார்கள். யுஎஸ்டிஏ 110-ஐ அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜப்பானிகம் என்றே எழுதிவந்தார்கள். 2013-இல்தான் அது டயசோஎஃபிஷியன்ஸ் ஆனது. அதனால் பழைய கட்டுரையில் ஜப்பானிகம் என்று பார்த்தால், ஸ்ட்ரெயின் எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட் காரணி இல்லாமலும் சோயாவில் முடிச்சு வருமா?

வரும். எல்கானியின் யுஎஸ்டிஏ 61 ஸ்ட்ரெயின், நாட் காரணியை உணர முடியாத சோயாச் செடியிலும் முடிச்சு போட்டதை 2013-இல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய்க்கிருமிகள் செல்லுக்குள் புரதத்தை ஊசிபோல ஏற்றும் அமைப்பு ஒன்று உண்டு. எல்கானி அதைப் பயன்படுத்தி, கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடுகிறது.

இந்திய மண்ணில் எது இருக்கிறது?

உத்தரகண்டின் குமாவுன் மலையில் 'பட்' என்ற கறுப்புச் சோயா பரம்பரையாக விளைகிறது. ஆனால் மத்தியப் பிரதேசத்தின் கரிசல் மண்ணில் இன்று காணும் சோயாப் பரப்பு, 1960-களில் அமெரிக்க ரகங்கள் வந்த பிறகு விரிந்தது. இந்திய மண்ணின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்த முடிச்சுகளை ஆராய்ந்தபோது, யுவான்மிங்கென்ஸும் லியாவோனிங்கென்ஸும் கிடைத்தன. யுவான்மிங்கென்ஸ் முதலில் பெய்ஜிங்கின் பழைய அரசத் தோட்டமான யுவான்மிங்யுவானில், லெஸ்பெடிசா என்ற வேறொரு பயறுச் செடியில் கண்டது. அமெரிக்க மண்ணின் பட்டியலை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

உளுந்துக்கு வாங்கிய ரைசோபியம் பாக்கெட் மிச்சம் இருக்கிறது. சோயாவுக்குப் போடலாமா?

வேண்டாம். உளுந்துக்கு ஏற்ற ஸ்ட்ரெயின் சோயாவில் முடிச்சே போடாமல் இருக்கலாம், போட்டாலும் நைட்ரஜன் பிடிக்காமல் இருக்கலாம். பாக்கெட்டில் சோயாவுக்கு என்று இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக்கொல்லி பூசுவதானால் அதை 24 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

அதோடு யூரியாவும் போட்டால் இரட்டிப்புப் பலன் கிடைக்காதா?

கிடைக்காது. மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைக்கும்போது 16 ஏடிபி எதற்குச் செலவழிக்க வேண்டும்? ஆரம்பத்தில் ஏக்கருக்கு 8 கிலோ நைட்ரஜன் அளவில் அடியுரமாகப் போடுவது இங்கே பரிந்துரை. பிரேசிலில் அதையும் தேவையில்லை என்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியாக்களால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் உண்டா?

சிறிது உண்டு. பயிர் முற்றும் காலத்தில் பழைய முடிச்சுகள் அழுகும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகிறது. கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது. ஆனால் யுஎஸ்டிஏ 110 போன்ற சில ஸ்ட்ரெயின்களிடம் நாஸ் இசட் என்ற மரபணு இருக்கிறது. அது அந்த வாயுவை மறுபடி சாதாரண நைட்ரஜனாக்கிவிடும். வேறு பலவற்றிடம் அது கிடையாது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் கிவாமு மினாமிசாவாவின் குழு, இந்தத் திறன் கூடிய ஸ்ட்ரெயின்களை வயலில் போட்டு, அறுவடைக் காலத்தில் நைட்ரஸ் ஆக்சைடு குறைவதை 2013-இல் வெளியிட்டது. யுஎஸ்டிஏ 123-ஐப் போன்ற உள்ளூர்ப் பலசாலிகளைத் தாண்டி இவை முடிச்சுக்குள் நுழைய வேண்டும் என்ற பழைய சிக்கல் இங்கேயும் குறுக்கே நிற்கிறது.